செத்த பிறகு பிறப்பது யார்? மறுமை பற்றி மதங்கள் சொல்வதும் பௌத்தத்திடம் என் கேள்வியும்

மறுபிறவி, சொர்க்கம், நரகம் என்று பேச்செடுத்தாலே வந்து விழும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன், பௌத்த நூல்களை விரும்பிப் படிப்பவன். பௌத்தத்தின் அறத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் சாவுக்குப் பிறகு என்ன என்ற இடத்தில் அது சொல்லும் பதில் நிற்கவில்லை என்பதுதான் என் முடிவு.

எல்லா மதமும் கடைசியில் ஒன்றைத்தானே சொல்கின்றன?

இல்லவே இல்லை. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்ற அளவில் வேண்டுமானால் ஒன்று போலத் தோன்றும். "சரி, செத்த பிறகு தொடர்வது எது?" என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் போகும்.

கிறிஸ்தவத்தின் மையம் உடல் உயிர்த்தெழுதல். ஆன்மா மட்டும் மேலே போய் மிதப்பது அல்ல, இதே ஆள் இதே உடலோடு, மாற்றமடைந்த நிலையில், எழுந்து நிற்பான் என்பதே விசுவாசப் பிரமாணத்தில் வருவது. கத்தோலிக்கர்கள் இடையில் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்றையும் ஏற்கிறார்கள், அதனால்தான் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள்; புராட்டஸ்டன்டுகள் அதை ஏற்பதில்லை. இஸ்லாத்தில் கபுரில் (கல்லறையில்) முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகளின் (வானவர்களின்) விசாரணை, அப்புறம் பர்ஸக் என்ற இடைக்காலம், பிறகு கியாமத் என்ற இறுதித் தீர்ப்பு நாளில் எல்லோரும் எழுப்பப்படுவது. எலும்புகளை ஒன்று சேர்க்க மாட்டோம் என்று மனிதன் நினைக்கிறானா, விரல் நுனிகளைக்கூடச் சரிப்படுத்துவோம் என்று குர்ஆனே சொல்கிறது. யூதர்களிடையே பழைய காலத்தில் இதிலேயே சண்டை இருந்தது: பரிசேயர் உயிர்த்தெழுதல் உண்டு என்றார்கள், சதுசேயர் கிடையாது என்றார்கள்.

நம் பக்கம் வந்தால், வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் சமணமும் தங்களுக்குள் ஆயிரம் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: உடலை விட்டுப் போகும் உயிர் ஒன்று உண்டு, அது அழியாதது. சைவத்தில் வினை சடம் (அறிவற்ற பொருள்), அது தானாகப் பயன் கொடுக்காது, இறைவன்தான் வினைப்பயனை உரியவனிடம் சேர்க்கிறான். சமணத்தில் இறைவனுக்கு அந்த வேலை இல்லை, வினையே நுண்ணிய பொருளாக உயிரில் ஒட்டிக்கொள்கிறது. உலகாயதர் இது எல்லாவற்றையும் மறுத்து, உடல் போனால் ஆளும் போனான் என்று முடித்துவிட்டார்கள்.

இத்தனை பேரிடமும் "யார்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதில் உண்மையா என்பது வேறு விஷயம்.

பௌத்தம் இதில் எங்கே வருகிறது?

தனியாக நிற்கிறது. ஆன்மா என்று ஒன்று கிடையாது என்கிறது. ஆள் என்று நாம் சொல்வது உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களின் சேர்க்கை, அவை ஒவ்வொன்றும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்கின்றன. அதே சமயம் வினை உண்டு, மறுபிறப்பு உண்டு, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் உள்ள தேராவாத மரபின் கணக்குப்படி பிறப்பதற்கு 31 தளங்கள் உண்டு என்றும் சொல்கிறது. அறிவுதான் ஒரு பிறவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறாமல் ஓடுகிறது என்று மீனவர் குடியில் பிறந்த ஒரு பிக்கு சொன்னபோது புத்தர் அவரைக் கூப்பிட்டு, நான் எப்போது இப்படிச் சொன்னேன் என்று கடுமையாகவே கண்டித்ததாக, புத்தரின் உரைகளின் பாலித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. அதாவது எதுவும் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேரவில்லை, ஆனாலும் பிறப்பு நடக்கிறது.

எதுவும் போகவில்லை என்றால் பிறப்பது யார்?

இதற்குப் பௌத்தர்களின் புகழ்பெற்ற பதில் "அவனும் அல்ல, வேறு ஒருவனும் அல்ல" என்பது. கிரேக்க வழி வந்த மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் என்ற பிக்கு அதைப் பல உவமைகளால் விளக்குகிறார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கிலிருந்து எதுவும் இடம்பெயர்ந்து போகவில்லை, ஆனாலும் இரண்டாவது சுடர் முதலாவதால் வந்தது. ஒருவன் மாம்பழம் திருடிவிட்டு, "நீ நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு, அதனால் இது திருட்டு இல்லை" என்று சொன்னால் ராஜா விடுவாரா? அந்தக் கொட்டையால்தானே இந்தப் பழம் வந்தது. அதுபோலவே முன்பிறவியில் செய்த வினையால் வந்த இந்தப் பிறவி அந்த வினையிலிருந்து தப்ப முடியாது என்கிறார்.

5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய புத்தகோஷர் இதை இன்னும் துல்லியமாக்குகிறார்: சாகும் கணத்தின் கடைசி அறிவு அடுத்த பிறவியின் முதல் அறிவுக்குக் காரணமாகிறது, இரண்டுக்கும் இடையே வெளி கிடையாது. துன்பம் உண்டு, துன்பப்படுபவன் இல்லை. செயல் உண்டு, செய்பவன் இல்லை.

அழகான பதிலாகத்தானே இருக்கிறது, இதில் என்ன குறை?

அழகான பதில்தான், நானும் முதலில் அதில் மயங்கியவன். ஆனால் உவமையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு விளக்கிலிருந்து பத்து விளக்கு ஏற்றலாம். அப்படியானால் ஒருவன் செத்தால் பத்துப் பேர் பிறக்கலாமா? பத்து விளக்கிலிருந்து ஒரே தீப்பந்தத்தைப் பற்றவைக்கலாம். பத்துப் பேர் செத்து ஒரு குழந்தை பிறக்குமா? தேராவாதம் இரண்டையும் ஏற்காது, ஒரு சாவுக்கு ஒரு பிறப்பு, வரிசை தவறாமல் ஒரே கோடு என்கிறது. அந்தக் கோட்டை ஒரே கோடாகக் கட்டி வைப்பது எது? ஆன்மா இல்லை, உடல் இல்லை, ஞாபகம் இல்லை, சைவத்தில் உள்ளதுபோல் கணக்கைச் சேர்ப்பிக்கும் இறைவனும் இல்லை. "ஒன்று இன்னொன்றுக்குக் காரணம்" என்பது மட்டும்தான் மிச்சம்.

காரணமாக இருப்பது ஒன்று, உரியவனாக இருப்பது வேறொன்று. என் கோபம் என் பிள்ளையின் குணத்துக்குக் காரணமாகிறது, ஒரு ஆசிரியரின் சொல் நூறு மாணவர்களின் வாழ்க்கைக்குக் காரணமாகிறது. அந்த நூறு பேரும் ஆசிரியரின் மறுபிறவி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எங்கோ பிறந்த, என்னைத் தெரியாத, எனக்கும் தெரியாத ஒரு குழந்தையை மட்டும் "அது உன் தொடர்ச்சி, உன் வினையின் பலனை அது அனுபவிக்கும்" என்கிறார்கள். மாம்பழக் கதையில் பழம் யாருடையது என்று முடிவு செய்ய நிலம் இருக்கிறது, தோட்டக்காரன் இருக்கிறான், நட்டபோதும் பறித்தபோதும் அதே ஆளாக அவன் நிற்கிறான். நீக்கிவிட்டதாகச் சொன்ன அந்த "அதே ஆள்" உவமைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஒரே வாழ்க்கையிலும் நாம் மாறிக்கொண்டுதானே இருக்கிறோம்? ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே ஆளா?

பௌத்தத் தரப்பில் இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான், நாகசேனரும் சொன்னது. ஒரே பிறவிக்குள் ஆன்மா இல்லாமல் தொடர்ச்சி இருக்க முடியும் என்றால் இரண்டு பிறவிகளுக்கு இடையிலும் இருக்கலாமே என்பது. முதல் பாதியை நான் ஏற்கிறேன். அழியாத ஆன்மா இல்லாமலேயே ஒரு வாழ்நாள் முழுக்க ஒரு ஆளை ஒரே ஆள் என்று சொல்ல முடியும், ஏனென்றால் உடல் தொடர்கிறது, ஞாபகம் தொடர்கிறது, பழக்கம் தொடர்கிறது, நம்மை அறிந்தவர்கள் சுற்றி இருக்கிறார்கள், இவற்றில் ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்கின்றன. சாவில் எல்லாமே ஒரே நேரத்தில் அறுகின்றன. எல்லாம் அறுந்த பிறகும் அதே அளவு தொடர்ச்சி இருக்கிறது என்றால், அதைத் தாங்குவது எது என்று காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வெளியாட்கள் பௌத்தத்தைப் புரிந்துகொள்ளாமல் கேட்கும் கேள்விதானே இது?

அப்படி ஒதுக்கிவிட முடியாது. புத்தரின் முன்னிலையிலேயே ஒரு பிக்கு மனதுக்குள் இதைக் கேட்கிறார்: கந்தங்கள் எதுவும் ஆன்மா இல்லை என்றால், ஆன்மா அல்லாதவை செய்த வினைகள் எந்த ஆன்மாவைத் தொடும்? புத்தர் அந்த எண்ணத்தை அறிந்து, போதனையை மிஞ்சப் பார்க்கும் எண்ணம் இது என்று சொல்லிவிட்டு, கந்தங்கள் நிலையற்றவை என்ற பாடத்தை மறுபடி நடத்துகிறார். பலமுறை படித்துவிட்டேன், கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பௌத்தத்துக்குள்ளேயே புத்கலவாதிகள் என்ற பெரிய பிரிவு இந்தக் கேள்வியால்தான் உண்டானது. கந்தங்களே சுமை, அதைச் சுமப்பவன் இன்ன பெயர் இன்ன குலம் உள்ள ஆள் என்று புத்தரின் ஒரு பேருரையில் இருப்பதைக் காட்டி, "ஆள்" என்று ஏதோ ஒன்று உண்டு, அது கந்தங்களும் அல்ல, கந்தங்களுக்கு வேறும் அல்ல என்றார்கள். தேராவாதிகளின் கதாவத்து என்ற வாத நூலில் முதல் விவாதமே இவர்களோடுதான், பௌத்த அறிஞர் வசுபந்துவும் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி இவர்களை மறுக்கிறார். அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்றால் கேள்வி எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் இந்தியா வந்தபோதும் இவர்களில் ஒரு கிளையான சம்மிதீயர் பெரிய கூட்டமாக இருந்தார்கள். மகாயானத்தின் ஒரு பிரிவினரான யோகாசாரர்கள் வேறு வழியில் போய், வினையின் விதைகளைச் சேர்த்துவைக்கும் ஆலய விஞ்ஞானம் என்ற அடித்தள அறிவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

தமிழிலும் இந்த வாதம் பழையது. சமணரின் நீலகேசி காப்பியத்தில் பௌத்தர்களான குண்டலகேசியோடும் மொக்கலனோடும் புத்தரோடுமே வாதம் நடக்கிறது, சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்த மறுப்பு தனியாக வருகிறது.

மணிமேகலை பௌத்தக் காப்பியம்தானே, அதில் இதற்குப் பதில் இல்லையா?

பதில் இருக்கிறது. ஆனால் பௌத்தம் மறுக்கும் பதில் அது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நல்லது செய்தவன் நல்ல உலகுக்கும் கெட்டது செய்தவன் நரகுக்கும் போவான் என்று அவன் சொன்னதும் நாகர் தலைவன் சிரித்துவிட்டு, உடம்பை விட்டு ஓடும் உயிர் எப்படி உருக்கொண்டு இன்னொரு இடத்தில் புகும், அதைச் சொல் என்கிறான். நான் படித்த வரையில் இவ்வளவு நேராகக் கேட்கும் இடம் தமிழில் வேறு இல்லை. சாதுவன் சொல்கிறான்: உயிர் இருக்கும்போது உடல் எல்லாவற்றையும் உணர்கிறது, உயிர் போன பிறகு வெட்டி எரித்தாலும் உணரவில்லை, ஆகவே உடம்பிலிருந்து போனது ஒன்று உண்டு என்று உணர்ந்துகொள், போனவருக்குப் புகும் இடம் ஒன்றும் உண்டு.

இது ஆன்மவாதம். ஒரு சைவரோ சமணரோ இதில் ஒரு சொல் மாற்றாமல் அப்படியே சொல்லலாம். அதே காப்பியத்தின் கடைசியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பேதைமை, செய்கை, உணர்வு என்று ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளையும் வரிசையாகச் சொல்லி, போவது எதுவும் இல்லாத பௌத்தத்தை முறையாக விளக்குகிறார். ஆனால் கதையாக நம் மனதில் நிற்பது எது? முன்பிறவியில் மணிமேகலை இலக்குமி, உதயகுமரன் அவள் கணவன் இராகுலன், அந்தத் தொடர்பால்தான் இப்பிறவியில் அவள் மனம் அவன் பக்கம் சாய்கிறது. ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டு அரசனாகி, மணிபல்லவத்துக்கு வந்து, தோண்டி, தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே பார்க்கிறான். "தன்" எலும்பு! சாத்தனார் எவ்வளவு பெரிய கவிஞர் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும், ஆனால் ஆன்மா இல்லை என்ற கொள்கையை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை எழுத முடியாது.

சாதாரண வணிகன் ஒருவன் கேட்பவனின் தரத்துக்கு இறங்கிச் சொன்னது, அதைத் தத்துவமாக எடுக்கக்கூடாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். அப்படியானால் உண்மையான கொள்கையைச் சொல்லி மறுபிறவியை ஒருவனுக்குப் புரியவைக்க முடியவில்லை என்றுதான் ஆகிறது.

இதெல்லாம் வீண் கேள்வி என்று புத்தரே அம்பு உவமை சொல்லியிருக்கிறாரே?

மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்குச் சொன்னது. விஷ அம்பு தைத்தவன் எய்தவன் யார், எந்தச் சாதி, வில் என்ன மரம் என்று தெரிந்தால்தான் பிடுங்க விடுவேன் என்றால் அதற்குள் செத்துப்போவான் என்பது. உலகம் நிலையானதா, எல்லை உண்டா, உயிரும் உடம்பும் ஒன்றா வேறா, ததாகதர் (விடுதலை அடைந்த புத்தர்) சாவுக்குப் பின் இருப்பாரா என்ற வகையில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கிறார்.

இந்த மௌனத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது முழு மௌனம் இல்லை. சாதாரண மனிதன் செத்தால் எங்கே போவான், எந்த வினைக்கு எந்தப் பிறப்பு என்று விரிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "போவது யார்?" என்று கேட்கும்போது மட்டும் அம்பை நினைவூட்டுவது சரியில்லை. உயிரும் உடம்பும் ஒன்றா வேறா என்று புத்தர் பதில் சொல்ல மறுத்த அதே கேள்விக்குத்தான் சாதுவன் வேறு என்று தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறான் என்பதையும் கவனியுங்கள்.

நிர்வாணம் என்பது அழிவா?

பௌத்தர்கள் அழிவு இல்லை என்பார்கள். அரகந்தர் (முழு விடுதலை அடைந்தவர்) இறந்தால் அழிந்துபோகிறார் என்று யமகர் என்ற பிக்கு சொன்னபோது சாரிபுத்தர் திருத்தினார்: உயிரோடு இருக்கும்போதே ததாகதர் என்று ஒருவரைக் கந்தங்களில் கண்டுபிடிக்க முடியவில்லை, அப்படியிருக்க இறந்தபின் அழிந்தார் என்று எப்படிச் சொல்வாய்? கூர்மையான பதில். ஆனால் அதே தர்க்கம் எல்லோருக்கும்தானே பொருந்தும், என்னிலும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மறுபிறவி மட்டும் இல்லையென்றால், சாகிற ஒவ்வொருவருக்கும் கந்தங்கள் அவிந்து துன்பம் முடிந்துபோகிறது, எந்தத் தியானமும் சீலமும் இல்லாமலே. அரகந்தரின் கடைசி நிர்வாணத்துக்கும் உலகாயதனின் சாவுக்கும் வித்தியாசம் வருவது மறுபிறவி உண்மையாக இருந்தால் மட்டும்தான். பௌத்தத்தின் முழுக் கட்டிடமும் அதன் மிக பலவீனமான தூணின் மேல் நிற்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

வினைக் கோட்பாட்டால் நன்மைதானே, மனிதன் பயந்து ஒழுங்காக இருப்பான்?

பயப்பட வேண்டியவன் யார் என்பதே தெளிவாக இல்லை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் ஒரு பேருரையில், கொன்றவன் குறைந்த ஆயுளோடு பிறப்பான், துன்புறுத்தியவன் நோயாளியாகப் பிறப்பான், கொடுக்காதவன் ஏழையாவான், செருக்குள்ளவன் தாழ்ந்த குலத்தில் பிறப்பான் என்று வரிசை இருக்கிறது. பிறப்பால் யாரும் இழிந்தவன் இல்லை என்று முழங்கிய அதே புத்தரின் பெயரில்! (எல்லா வேதனையும் பழைய வினையால் அல்ல, பித்தம், வாதம், பருவம் போன்ற காரணங்களும் உண்டு என்று அவர் சொன்ன இடமும் இருக்கிறது, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

இதை மிகத் தெளிவாகப் பார்த்தவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியவர், மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" நூலின் முன்னுரையிலேயே, ஆன்மா இல்லை என்றால் வினை எப்படி, மறுபிறப்பு எப்படி என்று கேட்டு, இதைப் பெரிய முரண்பாடு என்கிறார். முன்வினைதான் ஏழ்மைக்குக் காரணம் என்பது சமூகம் தன் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளத்தான் உதவும் என்று அதை ஒதுக்கிவிடுகிறார். பௌத்தத்தை நேசித்து ஏற்றுக்கொண்ட ஒருவரே கேட்ட கேள்வி என்பதால், இதைக் கேட்பவர்களைப் பௌத்த விரோதி என்று முத்திரை குத்துவது நியாயம் இல்லை.

இறந்தவருக்காகப் பௌத்தர்கள் சடங்கு செய்கிறார்களே?

செய்கிறார்கள். இலங்கையில் சாவுச் சடங்கில் பிக்குகள் ஓதும்போது குடும்பத்தார் சேர்ந்து பாத்திரத்தில் நீர் வார்த்து நிரம்பி வழிய விடுவார்கள். ஏழாம் நாளும், மூன்று மாதத்திலும், ஆண்டு முடிவிலும் தானம் கொடுத்துப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பார்கள். நம் திதியைப் போலவேதான், மனசு கேட்பதும் அதேதான். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் குடும்பம் நினைத்துக்கொண்டிருப்பது "அம்மா எங்கோ இருக்கிறாள்" என்றுதான், ஐந்து கந்தங்களின் தொடர்ச்சியை அல்ல.

திபெத்தில் தலாய் லாமாவின் மறுபிறவியைக் கண்டுபிடிக்கிறார்களே?

முந்தையவரின் பொருள்களைக் காட்டி, சிறுவன் சரியாக அடையாளம் கண்டால் ஏற்றுக்கொள்கிறார்கள். 13-ஆவது தலாய் லாமா 1933-இல் இறந்தார், இப்போதைய 14-ஆவது தலாய் லாமா 1935-இல் பிறந்தார். சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் இடையே அதிகபட்சம் 49 நாள் இடைநிலை என்பது திபெத்திய மரபு, தேராவாதமோ இடைநிலையே கிடையாது என்கிறது, ஆக பௌத்தர்களுக்குள்ளேயே இதில் ஒருமிப்பு இல்லை. "இது என்னுடையது" என்று குழந்தை பொருளைப் பிடித்துக்கொள்வதையே சாட்சியாக ஏற்கும் முறை ஆன்மா இல்லை என்ற கொள்கையோடு எப்படி ஒட்டும்?

முன்பிறவி ஞாபகம் உள்ள குழந்தைகள் பற்றி ஆராய்ச்சி இருக்கிறதே?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீவன்சன் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட குழந்தைகளின் கதைகளைச் சேகரித்தார், இலங்கை, இந்தியக் குழந்தைகளும் அதில் உண்டு. அவரது பெருமுயற்சியை மதிக்கிறேன், ஆனால் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசிய பிறகு பதிவானவை பல என்பதால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், பெயர், ஊர், ஆசை எல்லாம் கூடவே வருகிறது என்றால் அது உயிர் உண்டு என்பவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

மற்ற மதங்களுக்கு மட்டும் ஓட்டை இல்லையா?

தாராளமாக இருக்கிறது. ஞாபகம் எதுவும் வராத ஆன்மா மறுபடி பிறந்து தண்டனை அனுபவித்தால் அதில் என்ன நியாயம் என்ற கேள்விக்கு நான் வளர்ந்த சைவத்திலும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அறுபது, எழுபது வருடத் தவறுக்கு முடிவே இல்லாத நரகம் என்பதை என்னால் ஜீரணிக்க முடியாது. மண்ணாகி, புல்லாகி, ஆடாகி, இன்னொருவன் உடம்பான சதை யாருடைய உடலாக எழும் என்பது கிறிஸ்தவ அறிஞர்களையே ஆதியிலிருந்து படுத்திய கேள்வி. ஆனால் இவர்கள் "இந்த ஆள்தான்" என்று சொல்லிவிட்டு அதை நிரூபிக்கத் திணறுகிறார்கள். பௌத்தம் "ஆளே இல்லை" என்று நிரூபித்துவிட்டு அந்த ஆளுக்குக் கணக்கு எழுதுகிறது.

அப்போது பௌத்தத்தில் எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் துறவி சாந்திதேவர் இதே சிக்கலைப் பிடித்து வேறு திசையில் திருப்புகிறார்: நாளைக்குத் துன்பப்படப்போகும் உடம்பு நான் இல்லை, ஆனாலும் அதைக் காக்கிறேன், அப்படியானால் மற்றவரையும் துன்பத்திலிருந்து ஏன் காக்கக்கூடாது? துன்பத்துக்கு உடையவன் இல்லை, துன்பம் என்பதாலேயே அதைத் தடுக்க வேண்டும். ஆன்மா இல்லை என்ற அனாத்ம வாதத்தைக் கடைசிவரை நேர்மையாகக் கொண்டுபோனால் வந்து சேரும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே கருணை இருக்கிறது, ஆனால் அவனவன் வினை அவனவனுக்கு என்ற தனிக் கணக்குக்கு இடமே இல்லை.

எந்தப் பதில் கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

இன்று சென்னையில் ஒருவர் சாகிறார், அதே கணத்தில் உலகத்தில் எத்தனையோ கருக்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் இவருடைய தொடர்ச்சி, மற்றவை அல்ல என்று எதை வைத்துச் சொல்வது? உடலையும் ஞாபகத்தையும் ஆன்மாவையும் இறைவனையும் உதவிக்கு அழைக்காமல், பௌத்தத் தத்துவத் தொகுப்பான அபிதம்மத்தின் சொற்களிலேயே ஒரு அளவுகோல் காட்டினால் போதும். "கடைசி அறிவு முதல் அறிவுக்குக் காரணம்" என்ற பழைய வரியையே திருப்பிச் சொன்னால், ஏன் அந்தக் கருவுக்கு மட்டும் காரணமாயிற்று, பக்கத்துக் கருவுக்கு ஏன் ஆகவில்லை என்று மறுபடியும் கேட்பேன்.